வேர்க்கடலை ஆகாதவர்கள்

திருப்பதி நகரத்தில் நடிக்கத் தெரியாத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மூன்று வருடம் பேருந்து நிலையத்திலும் கல்லூரி கேன்டீனிலும் துணிக்கடை வாசல்களிலும் நின்று மற்ற எல்லாரையும் கவனித்துப் பார்த்தேன். வேறு யாரும் மிஞ்சவில்லை. அதனால் சொல்கிறேன்.

என் பெயர் அருள்குமார். சொந்த ஊர் நகரி. திருப்பதியில் பி.காம் படித்தேன். 'திருப்பதி ஜிகினா' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்தினேன் என்று சொன்னால்தான் பலருக்கு என்னைத் தெரியும். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு மாலில் இங்கிலீஷில் விலை கேட்பவர்கள், ஜிம்முக்குப் போய் கண்ணாடி முன்னால் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புபவர்கள், இவர்களை எல்லாம் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல் அப்படியே செய்து காட்டுவது அந்தப் பக்கத்தின் வேலை. செய்து காட்டுவது வேறு, நடிப்பது வேறு. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

இன்று பதினொரு மணிக்குச் சித்தூர் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். பிரீத்தி என்ற பெண் ஓர் ஓட்டலில் சாப்பிட்டு இறந்துபோன வழக்கு. அங்கே சமைத்த திலீப் என்பவரை உள்ளே தள்ளுவதா வெளியே விடுவதா என்பது என் வாயில்தான் இருக்கிறது என்கிறார்கள். அதற்கு முன்பு நடந்ததை எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றியது. தெலுங்கு சரளமாகப் பேசுவேன். எழுதினால் யாரோ சொல்லச் சொல்ல எழுதியது போல இருக்கும். அதனால் தமிழில் எழுதுகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து ஆடுகிறது. ரோடு புதிதாகப் போட்டதுதான்.

பிரீத்தி என் வகுப்பு. வீடு சித்தூரில். அவள் அப்பா நாராயணசாமி மாம்பழக் கூழ் தொழிற்சாலை வைத்திருக்கிறார். பிளஸ் டூ மட்டும் சென்னையில் ஹாஸ்டலில் படித்தவள். முதல் நாள் கேன்டீனில் இட்லி வாங்கியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "சட்னில வேர்க்கடலை இருக்காண்ணா? எனக்கு ஆகாது."

கேன்டீன் அண்ணாதுரை அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "என்னாம்மா சொல்ற? சித்தூர் ஜில்லாவுல பொறந்துட்டு வேர்க்கடல ஆகாதா? அப்ப எதத் துன்னு வளர்ந்த?"

"மாம்பழம்ண்ணா."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எங்கள் ஜில்லாவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே காட்டில் விளைவது வேர்க்கடலை. காலையில் சட்னி வேர்க்கடலை, மத்தியானம் பொடி வேர்க்கடலை, சாயந்தரம் பஸ்ஸில் கொறிப்பது வேர்க்கடலை, ராத்திரி தாளிக்கும் எண்ணெயும் அதுதான். பால் மறந்த குழந்தைக்கு வெல்லத்தோடு உருண்டை பிடித்துக் கொடுப்பதும் அதையே. அது ஒருவருக்கு ஆகாது என்பதை இங்கே யாரும் ஒரு நோயாக நினைப்பதில்லை. வசதி கூடிப்போனதன் அடையாளம் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆகவே இதில் நான் தனியாக ஒரு தவறும் செய்யவில்லை, ஊரோடு சேர்ந்துதான் செய்தேன்.

அவள் கைப்பையில் நீலநிறத்தில் ஒரு சின்ன உறை இருக்கும். உள்ளே மருந்து நிரப்பிய ஊசி இரண்டு. அவள் அப்பா எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தது. ஒருநாள் வகுப்பில் எல்லாருக்கும் அதைக் காட்டி, தனக்கு ஏதாவது ஆனால் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. தலையில் துண்டு போட்டுக்கொண்டு 'வேர்க்கடலை இளவரசி' என்று ஒரு ரீல் எடுத்தேன். இளவரசி தூரத்தில் ஒரு வேர்க்கடலைத் தோலைப் பார்ப்பாள், மயங்குவாள், பால்பாயின்ட் பேனாவால் கையில் குத்திக்கொண்டு எழுந்திருப்பாள். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

மறுநாள் பிரீத்தி என் பெஞ்சுக்கு வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லா பண்ணியிருக்க, அருள். ஆனா ஊசிய கைல குத்திக்கிட்ட பாரு, அது தப்பு. தொடைல குத்தணும். வெளிப்பக்கமா. குத்திட்டுப் பத்து எண்ணணும். ரெண்டு லட்சம் பேருக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டியே."

நான் மறுபடி எடுத்தேன். தொடையில், வெளிப்பக்கமாக, பத்து எண்ணி. சரியாக வருவதற்கு ஐந்து டேக் ஆனது. அதற்குக் கீழே அவள், 'இப்போ கரெக்ட். இளவரசி' என்று ஒரு வரி எழுதினாள். ரீலுக்கு விழுந்த இதயங்களைவிட அந்த ஒரு வரிக்கு அதிகம் விழுந்தது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எத்தனை என்று இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மெலோரா திறந்தது அந்த வருடக் கடைசியில். திருச்சானூர் போகும் சாலையில், ஒரு கல்யாண மண்டபத்துக்கும் டயர் கடைக்கும் நடுவில், சுத்த சைவ இத்தாலிய ஓட்டல். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்துக்கு 'இத்தாலி ஸ்டாப்பிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உள்ளே போக வேண்டுமானால் நான்கு நாள் முன்பே ஃபோனில் பதிவு செய்து, நேரம் போட்ட டோக்கன் வாங்கி, வாசலில் கம்பித் தடுப்புக்குள் காத்திருக்க வேண்டும். வேறு ஊராக இருந்தால் அடிதடி ஆகியிருக்கும். வரிசையில் நிற்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பயிற்சி உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. பாஸ்தாவுக்கு நிற்கிறவர்கள் முகத்தில்கூட ஒரு பக்தி தெரிந்தது. காலையில் மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியவர்கள், தலையில் சந்தனம் காயாமல், வெங்காயம் பூண்டு இல்லாத பீட்சா கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைத்தது.

இவ்வளவு ஜிகினா ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போது நான் போகாமல் இருக்க முடியாது. பிரீத்தியைக் கூப்பிட்டேன். முள்கரண்டி பிடிக்கத் தெரிந்தவள் வகுப்பில் அவள் ஒருத்திதான். எனக்குத் தெரியாது என்பதால் இல்லை, வீடியோவில் ஒப்பிட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதால். அவள் உடனே சரி என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். உள்ளே ஏசி குளிர். மேஜைகளுக்கு நடுவே நிஜமாகவே ஓர் எலுமிச்சை மரம் தொட்டியில் நின்றது. மெனு அட்டையைக் கொடுத்தார்கள். எழுத்து இங்கிலீஷ், சாப்பாட்டின் பெயர் ஒன்றுகூட இங்கிலீஷ் இல்லை. எனக்குப் பயம் என்பது அதுவரை அவ்வளவாகப் பழக்கம் கிடையாது. அந்த அட்டையைப் பிடித்திருந்தபோது வந்தது. பக்கத்து மேஜைக்காரர் எல்லாம் என்னைத்தான் பார்க்கிறார்கள், நான் எதையாவது தப்பாகப் படித்துவிடுவேன் என்று காத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. யாராவது ஒருவர் சிரித்தால் போதும், எழுந்து ஓடியிருப்பேன்.

பரிமாற வந்த பெண் சட்டையில் ஹரிப்ரியா என்று பேட்ஜ் இருந்தது. பிரீத்தி வழக்கம்போலக் கேட்டாள். "இதுல எதுலயாச்சும் வேர்க்கடலை சேருமா?"

"பைன் நட்டு தான் மேடம் சேரும். இருங்க, உள்ள கேட்டுட்டு வரேன்."

அவள் உள்ளே போனாள். சமையல்காரரே வெளியே வந்துவிட்டார். அவர்தான் திலீப். தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி, தொப்பிக்குக் கீழே புத்தூர் முகம். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நம்ம பக்கமா நீங்க? நானு புத்தூரு. இங்க பாரும்மா, மெனுல பைன் நட்டுனு போட்டுக்கீறாங்க. அது வெளிநாட்டுக் கொட்ட, இங்க எங்க வருது? பச்ச சாஸுல நான் போடறது நம்ம வேர்க்கடல தான், வறுத்து தோலெடுத்து. முதலாளி காதுல உழப்போவுது. உனக்கு ஆகாதுன்னா பச்ச பக்கமே போவாத. செவப்பு சாஸு தனி வாணலில நானே செஞ்சு அனுப்பறேன். கரண்டிகூட வேற."

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணா."

"துன்ற சோத்துல இன்னாத்துக்கும்மா பொய்யி?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குக் காளான் போட்ட சிவப்பு. எனக்குப் பச்சை. இரண்டு தட்டும் வந்தன. ஃபோனைத் தண்ணீர் கிளாசில் சாய்த்து வைக்கப்போனேன்.

அன்று நான் போட்டிருந்தது வெள்ளை லினன் சட்டை. ஆன்லைனில் வாங்கியது. விலை போட்ட டேக்கைக் கிழிக்காமல் ஒருநாள் போட்டு, வீடியோ எடுத்ததும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். இதை நடிப்பு என்று சொல்ல முடியாது, கல்லூரியில் பலரும் செய்வதுதான். பிரீத்தி எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து என் பின்னால் வந்தாள். கழுத்தில் அவள் விரல் பட்டது.

"டேக் வெளிய வந்துடுச்சு, அருள். இரு." மெதுவாக உள்ளே தள்ளிவிட்டாள். "ம், இப்போ தெரியாது. நான் கை கழுவிட்டு வரேன். என் தட்டப் பாத்துக்க."

அவள் சிரிக்கவில்லை. ஹரிப்ரியாவுக்குக் கேட்கும்படி சொல்லவும் இல்லை. அம்மா பள்ளிக்கு அனுப்பும்போது காலரைச் சரிசெய்வது போலச் செய்துவிட்டுப் போனாள். அவள் சிரித்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். சிரிப்பை நான் தாங்குவேன், பதிலுக்குச் சிரிக்க வைக்கவும் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

யோசித்ததில் ஒன்று நியாயமாகப் பட்டது. எனக்கு ஒரு டேக் இருப்பது போல அவளுக்கும் ஒன்று இருக்கிறது. அவளுடையது அந்த வேர்க்கடலை. அவள் சாப்பிடுவாள், ஒன்றும் ஆகாது. கடைசி வாய் உள்ளே போனதும் நான் குனிந்து, நானும் சிரிக்காமல், மற்றவருக்குக் கேட்காமல் சொல்வேன்: "டேக் வெளிய வந்துடுச்சு, பிரீத்தி." அத்தோடு சரிக்குச் சரி.

என் தட்டிலிருந்து ஒரு கரண்டி பச்சை சாஸ் எடுத்து அவள் தட்டில், பாஸ்தாவுக்கு அடியில் விட்டேன். கிளறினேன். சிவப்பு பச்சையை வாங்கிக்கொண்டது. மேலே சீஸ் துருவலைத் தூவினேன். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வந்து உட்கார்ந்தாள். மூன்று வாய் சாப்பிட்டாள்.

"உனக்குக் காரமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லியே."

"எனக்கு உதடு ஒரு மாதிரி இருக்கு."

நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் இருமினாள். கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. உதடு கண் முன்னால் தடித்தது. அதை யாரும் செய்து காட்ட முடியாது. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. மெனு அட்டையைப் பார்த்து வந்த பயத்தைப் பயம் என்று சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். காது அடைத்துவிட்டது. எலுமிச்சை மரம் ஒருபக்கமாகச் சாய்ந்து தெரிந்தது.

அவள் நாற்காலிக்கு அடியில் கையை விட்டுப் பையைத் தேடினாள். நான் முந்திக்கொண்டேன். பை என் கைக்கு வந்துவிட்டது. "வா, வா, ஆஸ்பத்திரி போலாம்" என்று அவளைத் தூக்கினேன். ஹரிப்ரியா ஓடிவந்து இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ வாசலிலேயே நின்றது. நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். பார்த்தவர்கள் எல்லாம் பையன் எவ்வளவு வேகமாகச் செயல்பட்டான் என்று போலீசில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது உண்மைதான்.

பையைத் திறந்தால் ஊசி. ஊசியை எடுத்தால், ஏன் எடுத்தாய் என்பார்கள். வேர்க்கடலை என்று உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். சிவப்பு சாஸில் அது எப்படி வந்தது என்பார்கள். ஆட்டோ ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குவதற்குள் இத்தனையும் எனக்குத் தோன்றிவிட்டது. மூளை அவ்வளவு தெளிவாக வேலை செய்தது அன்றைக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அவளால் பேச முடியவில்லை. என் மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாத, வந்துட்டோம்" என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கெட்டியா புடிச்சிக்கோ தம்பி, ஒண்ணும் ஆவாது" என்றார். கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். பிரீத்தி பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பயம் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். பயந்தவர்கள் அப்படி நிதானமாகப் பார்ப்பதில்லை.

அருகில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். துர்காதேவி என்று ஒரு நர்ஸ் மட்டும் இருந்தார்.

"ஏமி தின்னிந்தி? தமிழா? என்னாப்பா துன்னுச்சு இந்தப் பொண்ணு?"

"காளான், சிஸ்டர்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"ஏதாச்சும் ஆகாதது உண்டா இதுக்கு? மாத்திர, மருந்து, எதனா?"

இரண்டு லட்சம் பேருக்குத் தெரிந்த பதில் அது.

"தெரியாது சிஸ்டர். காலேஜ் பிரெண்டுதான்."

அவர் ஃபோனில் டாக்டரிடம் காளான், ஃபுட் பாய்சன் என்று சொன்னார். டாக்டர் அதற்குத் தகுந்ததைச் சொன்னார். குளுக்கோஸ் ஏறியது. வாந்தி நிற்க ஊசி போட்டார்கள். பிரீத்தியின் மூச்சு விசில் போலக் கேட்டது. முகம் இன்னொருவர் முகமாகிவிட்டிருந்தது. துர்காதேவிக்குச் சந்தேகம் தட்டியது. "இது ஃபுட் பாய்சன் மாரி இல்லியே" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி ஃபோனை எடுத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யாரும் நம்பமாட்டார்கள். அந்த நேரத்தில் என் தொண்டை அடைத்தது. நிஜமாகவே அடைத்தது. காற்று உள்ளே போகவில்லை. "சிஸ்டர், எனக்கும்" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். துர்காதேவி ஃபோனைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார். பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார், பிரஷர் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். ஆறேழு நிமிடம் இருக்கும். ஒரே நர்ஸ், இரண்டு கட்டில். பேச முடிந்தவன் நான் என்பதால் என்னைக் கவனித்தார்.

படுத்தபோது பையைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். வேறு தலையணை இல்லை.

டாக்டர் வந்தவர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டுக் கத்தினார், சரியான ஊசியைப் போட்டார், ஆம்புலன்சுக்குச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த ஊசியை எப்போது, எங்கே, எப்படிப் போட வேண்டும் என்று அந்த அறையில் முதலிலிருந்தே தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான். தொடையில், வெளிப்பக்கமாக. பத்து எண்ணி.

மறுநாள் பேப்பரில், 'இத்தாலிய ஓட்டலில் விபரீதம்: மாணவி பலி, மாணவர் உயிர் தப்பினார்' என்று வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, அவர்களாகவே எழுதினார்கள்.

போலீசில் திலீப்பை எதிரில் நிறுத்தினார்கள். தொப்பி இல்லாமல் சின்னதாக இருந்தார். "தம்பி, நான் உன்னாண்ட வந்து சொன்னேன்ல? செவப்பு தனியா செஞ்சி அனுப்பறேன்னு சொன்னேன்ல? சொல்லு தம்பி" என்றார்.

"இவர் எங்க மேஜைக்கு வரவே இல்ல சார்" என்றேன்.

ஹரிப்ரியா வந்தார் என்றுதான் சொன்னாள். ஓட்டலில் சம்பளம் வாங்குகிறவள் வேறு என்ன சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள். நர்சிடம் நான் தெரியாது என்றதைப் பதற்றம் என்று எழுதிக்கொண்டார்கள். மெனுவில் பைன் நட், சமையலறையில் வேர்க்கடலை மூட்டை. அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு மணிநேரம் கேள்வி கேட்ட பிறகு திலீப் தரையைப் பார்த்துக்கொண்டு, "கரண்டி மாறிப்போச்சோ என்னமோ சார். எனக்கே இப்ப டவுட்டா கீது" என்றார். அன்று எனக்கு ஒரு தட்டுச் சோறு இறங்கியது. எழுதிப் படித்தால் நன்றாக இல்லை. ஆனால் நடந்தது அதுதான்.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இப்போது என் பக்கத்தின் பெயர் 'ஜாக்கிரதை'. கல்லூரிகளில் உணவு ஒவ்வாமை பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். ஊசி போடும் முறையை மேடையில் காட்டுகிறேன். கைதட்டுகிறார்கள்.

பிரீத்தியின் அம்மா அம்சவேணி ஆன்ட்டி வாரம் தவறாமல் ஃபோன் செய்கிறார். "தொண்ட எப்பிடி கீது கண்ணு?" என்பதுதான் முதல் கேள்வி. பிரீத்தி இறந்த அன்று பையை அவரிடம் கொடுத்தபோது நீல உறையைத் திறந்து பார்த்தார். இரண்டு ஊசியும் அப்படியே இருந்தன. "உனக்குத் தெரியும்தானே கண்ணு, நீ வீடியோல்லாம் போட்டியே" என்றார். "எனக்கே அப்ப மூச்சு வரல ஆன்ட்டி" என்றேன். அவர் என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டு அழுதார். மாதம் ஒருமுறை சித்தூருக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார். அவர் வீட்டில் வேர்க்கடலை கிடையாது, அந்த எண்ணெய்கூட ஆகாது. "அவளுக்காக இருவது வருஷம் சமைச்ச கை. மாத்த வரல. நீயாச்சும் வந்து துன்னுட்டுப் போ" என்கிறார். பிரீத்தியின் நாற்காலியில் உட்கார வைக்கிறார். நாராயணசாமி அங்கிள் எதிரில் உட்கார்ந்து நான் விழுங்குவதை ஒவ்வொரு வாயாகப் பார்க்கிறார். நான் இருமினால் இருவரும் எழுந்துவிடுகிறார்கள். அந்தத் தட்டுக்கு முன்னால் எனக்கு வரும் பயத்தை எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு மாதம்கூடப் போகாமல் இருந்ததில்லை. போகாவிட்டால் என்ன நினைப்பார்கள்?

பஸ் எட்டரைக்கே சித்தூர் வந்துவிட்டது. மீதியைக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டிபன் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், பிரீத்தியைக் கொன்றது திலீப் இல்லை. நான்தான். ஒரு கரண்டியால் ஒருமுறை, பையால் ஒருமுறை, வாயால் ஒருமுறை. ஒன்றில் நிறுத்தியிருந்தாலும் பிழைத்திருப்பாள். இந்தக் காகிதங்களை இன்று ஜட்ஜிடம் கொடுத்துவிடுவேன். கொடுப்பதற்காகத்தான் எழுதினேன். பத்தரைக்கு ஆன்ட்டியும் அங்கிளும் வருவார்கள், நான் கூடவே உள்ளே போக வேண்டும். அவர்கள் முன்னால் கொடுப்பதா, அவர்கள் போனபிறகா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. போனபிறகு கொடுப்பதே நாகரிகம் என்று படுகிறது. இன்றைக்கே என்பதும் அவ்வளவு கட்டாயம் இல்லை. ஒரே வாய்தாவில் எந்த வழக்கும் முடிவதில்லை.

கொஞ்சம் முன்பு சர்வர் வந்து இட்லித் தட்டை வைத்தார். ஓரத்தில் சட்னி. கடையில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணா, சட்னில வேர்க்கடல இருக்குதா? எனக்கு ஆகாது" என்றேன்.

அவர் நம்பாமல் பார்த்தார். "வேர்க்கடல ஆகாதா? எப்பத்துலருந்து?"

"பொறந்ததுல இருந்தேண்ணா."